கண்ணைப் பார்க்க வைக்கச் செலவழித்த 14 மாதங்கள்

நாகர்கோவிலில் அப்பா தொடங்கிய போட்டோ ஸ்டூடியோவை இப்போது நான் நடத்துகிறேன். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முகங்களையாவது உற்றுப் பார்க்கிற பிழைப்பு. சாய்ந்த தலையை நிமிர்த்த வேண்டும், தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், கண்மணியில் விளக்கின் வெள்ளைப் புள்ளி விழ வேண்டும். அந்தப் புள்ளி விழாத படத்தைச் செத்த படம் என்று அப்பா கிழித்துப் போடுவார். இப்படிப்பட்ட வீட்டில், முகங்களை மனத்தில் பிடித்துவைக்கத் தடுமாறும் ஒரு பையன் பிறந்தான். வீட்டில் அவனை அப்பு என்று கூப்பிடுகிறோம். அவனுடைய சிக்கல் இன்னதென்று எனக்கு விளங்குவதற்குள் நான்கு ஆண்டுகளும் 2,37,000 ரூபாயும் போயின. மனைவி மஸ்கட்டில் நர்ஸாக இருந்ததால் ஆஸ்பத்திரி, பயிற்சி மையம், போலீஸ் பூத் என்று எல்லா இடங்களுக்கும் நான் தனியாகத்தான் அலைந்தேன். யாராவது ஒருவர் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆற்றாமை இன்றும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2017 ஜனவரியில் அவனுக்கு முதல் பிறந்தநாள். ஊர்க் குழந்தைகளையெல்லாம் கிலுகிலுப்பை ஆட்டிச் சிரிக்க வைத்துப் படம் எடுப்பவன் நான். என் பிள்ளையை மட்டும் கேமரா பக்கம் திருப்ப முடியவில்லை. நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். சாஃப்ட் பாக்ஸின் ஓரத் தையலைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான், என் கழுத்தில் தொங்கிய கேமரா வாரைப் பார்த்தான். என்னைப் பார்த்த படம் ஒன்றுகூட இல்லை. "போட்டோக்காரன் மகனுக்கு போட்டோ ஆகாதாம்" என்று வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த ஜூனில் மனைவி வேலைக்குத் திரும்பினாள். ஒன்றரை வயதில் அவனுக்கு இரண்டு மூன்று சொற்கள் வந்தன. பிறகு அவையும் நின்றுபோயின. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. "இவன் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று என் அம்மா அடித்துச் சொன்னாள். உண்மைதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி எட்டு மாதம் சும்மா இருந்தேன். 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறி, அதாவது பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபடும் மூளை வளர்ச்சியின் அறிகுறி, தெரிகிறதா என்று பார்க்க எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. பத்து நிமிட வேலை. அதில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை, தாமதிக்காமல் மருத்துவரிடம் போ என்று அர்த்தம். ஆச்சிகளின் ஞாபக சக்தியை விட அதை நம்பலாம்.

காது கேட்கிறதா என்று பார்த்தோம், கண்ணைப் பார்த்தோம். இரண்டும் சரியாக இருந்தன. இந்த இரண்டு பரிசோதனைகளும் அவசியம், யாரும் விட்டுவிட வேண்டாம். ஓரிடத்தில் வற்புறுத்தியதால் மயக்க மருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ.யும் எடுத்தேன், வலிப்போ வேறு நரம்புக் குறியோ இல்லாத என் பிள்ளைக்கு அது தேவையே இல்லை என்று பின்னால் தெரிந்தது. எல்லாம் சேர்த்து 14,000. 2018 அக்டோபரில், மனைவி ஒரு மாத விடுப்பில் வந்திருந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவர் இரண்டு மணி நேரம் அவனோடு தரையில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். நல்ல மனிதர். பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் தொடங்கச் சொன்னார். என் மண்டையில் அவை ஏறவில்லை. அறிக்கையின் முதல் வரி மட்டும் ஏறியது: கண் பார்த்துப் பழகுவது மிகக் குறைவு. போட்டோக்காரன் புத்தி. கண்ணைச் சரிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவோடு அலைகிறவனுக்குக் கடை விரிக்க ஆள் இருக்கிறார்கள். முதல் கடை, மூளை வரைபடம். குழந்தையின் தலையில் தொப்பி மாட்டி மின்னலைகளைப் பதிவுசெய்து, நீலமும் சிவப்புமாக அச்சடித்த எட்டுப் பக்கத் தாளைக் கொடுத்தார்கள். பின்பக்கம் வலது ஓரத்தில் ஒரு நீலத் திட்டைக் காட்டி, "முகத்தை அறியும் பகுதி இது. உங்கள் மகனுக்கு இது வேலை செய்யவில்லை. எழுப்பிவிடலாம்" என்றார் அங்கிருந்தவர். வரைபடத்துக்கு 18,000. எழுப்பிவிட 10 அமர்வுகள், 15,000. என்னைப் போல வண்ணத்தை அச்சடித்துப் பிழைக்கிறவன் வண்ண அச்சைப் பார்த்து ஏமாந்தது வேடிக்கைதான். நீலத்தை எங்கே வைத்தால் நீலம் வரும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அன்று அந்தத் தாளை மடிக்காமல், திருமண ஆல்பத்தைக் கொண்டுபோவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது கடைதான் என்னை முழுசாகத் தின்றது. கண் பார்க்கும் பயிற்சி. 2019 ஜனவரி முதல் 2020 பிப்ரவரி வரை, மாதம் 12,000 வீதம் 14 மாதம், 1,68,000 ரூபாய். வாரத்தில் ஐந்து நாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டு அவனைக் கொண்டுபோவேன். பெற்றோர் உள்ளே வரக் கூடாது. கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளின் கிழிசல் வழியாக ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் அவன் எதிரே முழங்கால் முட்ட உட்கார்ந்து, தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "என்னைப் பார்" என்றார். அவன் பார்த்ததும் ஒரு ஏத்தங்காய் சிப்ஸ். மறுபடி "என்னைப் பார்". மறுபடி ஒரு சிப்ஸ். அவனுடைய கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டு சுருண்டு விரிந்தன. நான் கதவைத் தட்டியிருக்க வேண்டும். மாதக் கட்டணம் முன்கூட்டியே கட்டியிருந்தேன், தட்டவில்லை.

பலன் இல்லாமலும் இல்லை. ஆறு மாதத்தில் யார் "பார்" என்றாலும் இரண்டு நொடி பார்த்தான், புருவ நடுவை. பிறகு கையை நீட்டினான், சிப்ஸுக்கு. அதே நேரத்தில், பேசிக்கொண்டிருக்கும்போது முன்பு அவ்வப்போது காது கொடுத்தவன் இப்போது கொடுப்பதில்லை. பார்க்கிற வேலைக்கே அவனுக்கு மொத்தச் சக்தியும் செலவானது. இரவில் எழுந்து அழுதான். சத்துப் பொடி, டப்பா மருந்து என்று யாரோ சொல்லி 22,000 ரூபாய்க்கு வாங்கியது தனிக் கதை. அதைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த ஆண்டு ஒன்பது கல்யாண ஆர்டர்களை விட்டேன். நீளமான லென்ஸ் ஒன்றை விற்றேன்.

2019 டிசம்பரில் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா. கூட்டத்தில் பேரீச்சம்பழக் கடை முன்னால் பணம் எடுக்க அவன் கையை விட்டேன். எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அவன் இல்லை. 35 நிமிடம். அந்த 35 நிமிடத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ராட்டினத்துப் பக்கம் ஓடினேன், குளத்துப் பக்கம் ஏதாவது இருக்குமோ என்று பயந்தேன், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் பிடித்து உலுக்கினேன். கடைசியில் போலீஸ் பூத்தில் இருந்தான். ஏறக்குறைய என் வயதுள்ள ஒருவரின் விரலைப் பிடித்துக்கொண்டு அமைதியாக நடந்து போயிருக்கிறான். அவரோ முன்னால் போகிற குடும்பத்துப் பிள்ளை என்று நினைத்திருக்கிறார். வண்டி நிறுத்தும் இடம் வரை வந்த பிறகுதான் சந்தேகப்பட்டுக் கொண்டுவந்து ஒப்படைத்தார். நான் போய் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துப் பேச்சே வரவில்லை. "தம்பி, இது யார்?" என்று காவலர் கேட்டார். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவர் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காவலருக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. போனில் இருந்த படங்களைக் காட்டி, வீட்டுக்கு போன் போட்டுக் கொடுத்துத்தான் அவனை வாங்கினேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் சொன்னது இன்றும் காதில் கிடக்கிறது: "பெற்ற தகப்பனைத் தெரியாத பிள்ளையும் உண்டா?"

அன்றிரவு நானும் அதையே நினைத்தேன். பாசம் இல்லாத பிள்ளை. பூட்டிய கடைக்குள் உட்கார்ந்து அழுதேன்.

விடை வந்தது இரண்டு மாதம் கழித்து, கண்ணாடிக் கடையிலிருந்து. இருபது வருடமாகத் தடித்த கறுப்பு ஃபிரேம் போட்டவன் நான். 2020 பிப்ரவரியில் அதன் கால் உடைந்தது. கடைக்காரர் ஃபிரேமே இல்லாதது போன்ற மெல்லிய கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு, பத்து வயது குறைந்துவிட்டது என்றார். சாயங்காலம் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு அப்பு வழக்கம்போல ஓடிவந்தான். நடுவழியில் நின்றான். என் முகத்தை ஒரு கணம் பார்த்தான், பிறகு வீடே அதிரும்படி கத்திக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைத் தள்ளினான். "மக்களே, அப்பாதானே" என்றேன். கத்தல் நின்றது. மெல்ல வந்து முதுகை எனக்குக் காட்டிச் சாய்ந்துகொண்டான். உடைந்த பழைய கண்ணாடியை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி மாட்டினேன். திரும்பிப் பார்த்து ஃபிரேமைத் தடவினான், சிரித்தான். கழற்றிவிட்டு வாய் திறக்காமல் இருந்தேன், நழுவிப் போனான். மாட்டினேன், வந்தான். விளக்கை மாற்றி மாற்றி டெஸ்ட் ஷாட் எடுப்பவனைப் போல அந்த இரவில் ஐந்தாறு முறை செய்து பார்த்தேன். அப்போதுதான் பொறி தட்டியது. திருவிழாவில் அவன் விரலைப் பிடித்த மனிதரும் தடித்த கறுப்பு ஃபிரேம்தான் போட்டிருந்தார். என் பிள்ளை என்னை விட்டுவிட்டு வேறொருவரோடு போகவில்லை. அவன் கணக்கில் அவன் என்னோடுதான் போனான். பூத்தில் நான் ஒரு சொல் பேசியிருந்தால் ஓடிவந்திருப்பான்.

மறுநாள் பயிற்சியை நிறுத்தினேன். அடுத்த மாதம் ஊரடங்கு. கல்யாணமும் இல்லை, பாஸ்போர்ட் போட்டோவும் இல்லை. சென்னையில் உளவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டாள். மாடியில் உட்கார்ந்து அவள் ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். முதலில் அந்த எட்டுப் பக்க வண்ணத் தாளைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதில் ஒரு வரிகூட முகத்தைப் பற்றியது இல்லை" என்றாள்.

அவள் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். முகங்களுக்கு என்று மூளையில் தனி அக்கறை காட்டும் ஒரு பகுதி உண்டு. மூளையின் அடிப்பக்கத்தில், பெரும்பாலும் வலப்பக்கம், ஃபியூசிஃபார்ம் மடிப்பில் இருக்கிறது. 1997இல் நான்சி கான்விஷரும் அவருடன் பணியாற்றியவர்களும் அதை விளக்கமாகக் காட்டினார்கள். 2000இல் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஷுல்ட்ஸ் குழுவினர் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு முகப் படங்களைக் காட்டியபோது, அந்தப் பகுதி குறைவாகவும், பொருள்களைப் பார்க்கப் பயன்படும் பக்கத்துப் பகுதி கூடுதலாகவும் வேலை செய்தது. இதை வைத்துத்தான் "செத்த பகுதி" வியாபாரமெல்லாம். ஆனால் 2004இல் ஹட்ஜிகானி குழுவினர் முகத்தின் நடுவே பார்வையை நிறுத்த ஒரு குறி வைத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடமும் அந்தப் பகுதி வேலை செய்தது. அடுத்த ஆண்டு, பதினொரு வயதுப் பையன் ஒருவனைப் பற்றிய கட்டுரை வந்தது. மனித முகங்களுக்கு அசையாத அவனுடைய ஃபியூசிஃபார்ம் பகுதி, அவன் உயிராய் நேசித்த டிஜிமான் கார்ட்டூன் பாத்திரங்களைப் பார்த்ததும் சுறுசுறுப்பானது. செத்திருந்தால் எப்படி எழும்? வடசேரி பஸ் நிலையத்தில் ஒரே நிறத்தில் நிற்கும் டவுன் பஸ்களில் எது எந்த வழித்தடம் என்று, பலகையைப் படிக்கத் தெரியாத வயதிலேயே என் மகன் சொன்னான். முகப்புக் கண்ணாடியின் ஸ்டிக்கர், பம்பரின் நசுங்கல், விளக்கின் கீறல். எனக்கு முகங்கள் எப்படியோ அவனுக்கு பஸ்கள் அப்படி.

மின்னலைகளில் முகத்துக்கான ஒரு குறி உண்மையாகவே இருக்கிறது. முகத்தைப் பார்த்து ஏறத்தாழ 170 மில்லி நொடியில் தலையின் பின்பக்க ஓரங்களில் ஒரு சரிவு தெரியும். அதனால் என்170 என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களிடம் அது சராசரியாகக் கொஞ்சம் தாமதமாக வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சராசரி என்ற சொல்லை அடிக்கோடிட்டு எழுதிவைத்திருக்கிறேன். ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடும்போது தெரிகிற வித்தியாசம் அது. ஒரு தனிக் குழந்தையின் தலையில் தொப்பி மாட்டி "உன் மகனுக்கு இது இல்லை" என்று சொல்ல உதவாது. தவிரவும், அதை அளக்க முகப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். அங்கே என் மகனுக்கு ஒரு முகம்கூடக் காட்டவில்லை. சுவரைப் பார்க்க உட்கார வைத்தார்கள். மூளைப் படத்தை மட்டும் வைத்து ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்கிறோம், குணமாக்குகிறோம் என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். குழந்தையோடு உட்கார்ந்து அதன் நடத்தையைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் இதை உறுதிசெய்கிறார்கள்.

என்னை உறங்க விடாத ஆய்வு ஒன்று உண்டு. 2002இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டின் டாசன் குழுவினர் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அம்மாவின் முகத்தையும் அந்நியப் பெண்ணின் முகத்தையும் காட்டி மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். மற்றக் குழந்தைகளின் மூளை இரண்டையும் வேறுபடுத்தியது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆனால் பிடித்த பொம்மையையும் புதுப் பொம்மையையும் காட்டியபோது தெரிந்தது. இதை மனைவியிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. வீடியோ அழைப்பில் மகன் தன்னைப் பார்ப்பதே இல்லை என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அழுகிறவள் அவள். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படியானால் என் குரலைக் கேட்டு அவன் போனைக் காதில் வைத்துக்கொள்கிறானே, அது?" என்றாள். அது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

அப்பா வைத்திருந்த பழைய பெரிய கேமராவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் மங்கல் கண்ணாடியில் பிம்பம் தலைகீழாகத் தெரியும். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தலைகீழாக நிற்கும் மணப்பெண்கள் எல்லோரும் எனக்கு ஒரே ஆள் மாதிரி இருப்பார்கள். நாம் முகத்தைக் கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாகப் படிப்பதில்லை, மொத்தமாக ஒரே மூச்சில் படிக்கிறோம். கவிழ்த்தால் அந்த வித்தை பலிக்காது. அப்புவுக்குக் குடும்பப் படங்களைத் தலைகீழாகக் கொடுத்துப் பார்த்தேன். நேராகக் கொடுத்தால் எடுக்கும் அதே நேரம்தான். ஆச்சியை மூக்குத்தியை வைத்தும், பெரியப்பாவைத் தங்கப் பல்லை வைத்தும் எடுக்கிறான்; தலைகீழானால் என்ன? 1978இலேயே லாங்டெல் என்பவர் இதுபோன்ற ஒன்றைக் கண்டு எழுதியிருக்கிறார். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் முகத்தின் கீழ்ப்பாதியை வைத்து மற்றவர்களைவிட நன்றாக ஆளைச் சொன்னார்கள் என்று. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதோடு ஒத்துப்போகவில்லை. 2012இல் கான்விஷர் உள்ளிட்ட மூவர் அதுவரை வந்தவற்றைத் திரட்டிப் பார்த்து, முகங்களை நினைவில் வைப்பதிலும் கண்களை வேறுபடுத்துவதிலும்தான் குறை திரும்பத் திரும்பத் தெரிகிறது என்றார்கள். ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் இந்தத் தடுமாற்றம் இருப்பதுமில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள்; ஒரு முறை பார்த்தவரை இரண்டு வருடம் கழித்தும் சொல்லிவிடுவாள். ஆகவே என் மகனுக்கு இருந்தது உங்கள் பிள்ளைக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை. இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடியைக் கழற்றி, வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், காசு செலவில்லை.

கண் விஷயத்துக்கு வருகிறேன். 2013இல் ஜோன்ஸ், கிளின் இருவரும் வெளியிட்ட ஆய்வு, பின்னாளில் ஆட்டிசம் என்று தெரியவந்த குழந்தைகள் பிறந்த இரண்டாம் மாதத்தில் மற்றவர்களைப் போலவே கண்களைப் பார்த்தார்கள் என்றும், இரண்டுக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது படிப்படியாகக் குறைந்தது என்றும் காட்டியது. மாதா மாதம் நான் அப்புவைப் படம் எடுத்து வைத்திருந்தேன். பன்னிரண்டையும் கவுண்டரில் வரிசையாகப் பரப்பினேன். இரண்டாம் மாதப் படத்தில் என்னையே பார்க்கிறான், கண்மணியில் விளக்கின் புள்ளி பளிச்சென்று இருக்கிறது. ஏழாம் மாதம் பார்வை என் காதோரமாகப் போகிறது. இதை ஆதாரமென்று சொல்ல மாட்டேன். அவர்கள் கருவி வைத்துக் கண்ணசைவை நொடிக்கு நொடி அளந்தார்கள், நான் மாதத்துக்கு ஒன்று எடுத்தேன். போன் படங்களை வைத்துக்கொண்டு உங்கள் பிள்ளைக்கு நீங்களே முத்திரை குத்தவும் வேண்டாம். ஆனால் அந்தக் காலம் சாதாரணமானதில்லை. ஆறு மாதக் குழந்தைக்குக் குரங்கு முகங்களைக்கூட ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியும், ஒன்பது மாதத்தில் மனித முகங்களை மட்டும்தான் என்று 2002இல் பாஸ்காலிஸ் குழுவினர் காட்டினார்கள். எதை நிறையப் பார்க்கிறதோ அதற்கேற்ப மூளை தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. கண்களைக் குறைவாகப் பார்த்த பிள்ளைக்குச் செதுக்கல் வேறு மாதிரி அமைகிறது.

அப்படியானால் கண்ணைப் பார்க்க வைப்பது சரிதானே என்று நானும் கேட்டேன். 2005இல் டால்டன் குழுவினரின் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் கண்களை எவ்வளவு நேரம் பார்த்தார்களோ அவ்வளவுக்கு அவர்களுடைய அமிக்டலா கொதித்தது. ஆபத்து, பரபரப்பு என்றால் மணியடிக்கிற பகுதி அது. 2017இல் ஹட்ஜிகானி குழுவினர் கண்களிலேயே பார்வையை நிறுத்த வைத்தபோதும் மூளையின் அடியாழத்தில் அதே போன்ற மிகைப்பட்ட எழுச்சி. கண்களில் ஆர்வமில்லாததால் பார்க்கவில்லை என்கிற ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள், வழக்கு முடியவில்லை. செருப்புக்குள் சுருண்ட விரல்களைப் பார்த்தவன் என்ற முறையில் நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு வீட்டில் செய்தவை எல்லாம் செலவில்லாதவை. "என்னைப் பார்" என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். சொன்னது காதில் விழுந்ததா என்று மட்டும் பார்த்தேன். அறைக்குள் நுழைகிறவர் முதலில் வாய் திறந்து தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். ஆச்சி முதலில் முறைத்தாள், பிறகு "அப்பு மக்களே, ஆச்சி வருகிறேன்" என்று கட்டியம் கூறிக்கொண்டே சமையலறையிலிருந்து வரத் தொடங்கினாள். என் தொழில் ஒரு விதத்தில் உதவியது: ஆளுக்கு நான்கு படம் எடுத்து ஆல்பம் போட்டேன். கண்ணாடியோடு, இல்லாமல், கூந்தலை முடிந்து, விரித்து, சேலையில், நைட்டியில். ஒவ்வொருவருக்கும் மாறாத அடையாளம் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தேன், பஸ்ஸுக்கு அவன் பார்ப்பதைப் போல. சித்தியின் தாடையில் மச்சம், மாமாவின் புருவத்தில் தழும்பு. உடையையும் கண்ணாடியையும் அடையாளமாகச் சொல்லாதீர்கள். மாறும் பொருள் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை நான் திருவிழாவில் கற்றேன். கூட்டத்துக்குப் போகும்போது அவன் சட்டையின் உள்பக்கம் என் போன் எண்ணைத் தைத்திருக்கிறேன், புறப்படும் முன் வாசலில் நிறுத்தி அன்றைய உடையில் ஒரு படம் எடுக்கிறேன். காவலரிடம் போனால் முதலில் சொல்ல வேண்டியது: "முகம் பார்த்து என்னைச் சொல்ல மாட்டான், என்னைப் பேச விடுங்கள்." பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியையிடமும் இதையே எழுதிக் கொடுத்தேன்.

2020 நவம்பரில் மனைவி வந்தாள். முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு. எனக்கே யாரென்று தெரியவில்லை. மாடி அறையில் 14 நாள் தனிமை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜன்னலிலிருந்து பேசுவாள், அவன் கீழே முற்றத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பான். பதினைந்தாம் நாள் இறங்கி வந்தபோது பேசிக்கொண்டே வந்தாள். அவன் கிட்டே போய், அவள் உதட்டின் மேல் விரலை வைத்து, குரல் வருகிற இடத்தைத் தொட்டுப் பார்த்தான். முகத்தைப் பார்த்தானா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொஞ்சம் காசு விஷயம். மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த தொடக்க இடையீட்டு மையம் உண்டு, டி.இ.ஐ.சி. என்பார்கள். பேச்சுப் பயிற்சியும் மற்றவையும் இலவசம். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். என் 2,37,000 ரூபாயில் கடைசி ரூபாய் செலவான பிறகுதான் அந்தக் கதவைப் பார்த்தேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. அடையாள அட்டை வாங்கத் தயங்காதீர்கள். நான் ஒன்றரை ஆண்டு தயங்கினேன், எழுத்தில் வந்துவிட்டால் நிரந்தரமாகிவிடும் என்ற மூடப் பயம். அட்டை வந்த பிறகு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தேன். ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை, தெரபிக்கும் ஒரு பங்கு உண்டு. ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். தனியார் மையத்துக்குப் போவதென்றால், உள்ளே நான் உட்காரலாமா என்று முதல் நாளே கேளுங்கள். கூடாது என்றால் அடுத்த கேள்வி வேண்டாம்.

அப்புவுக்கு இப்போது பத்து வயதாகப் போகிறது. பேசுகிறான், நிறைய, பெரும்பாலும் பஸ்களைப் பற்றி. முகங்களில் முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் புது ஆள் என்றால் தடுமாற்றம்தான். "நீங்கள் யார்?" என்று கேட்கப் பழக்கியிருக்கிறேன். அத்தை ஒருத்தி இதற்காகக் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் வீட்டுக்கு வரவில்லை. தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்த வகுப்பாசிரியையைக் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே பெயர் சொன்னாராம்.

போன சனிக்கிழமை கடைக்கு ஒருவர் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தார். புதுச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. உட்கார வைத்து, தோளை நேராக்கி, தாடையைச் சற்று இறக்கச் சொல்லி, லென்ஸ் வழியாக நன்றாகவே பார்த்தேன். "எத்தனை காப்பி, பெயர் என்ன சார்?" என்றேன். அவர் விழித்தார். "என்ன அண்ணாச்சி, தெரியவில்லையா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்து பஸ் வரைந்துகொண்டிருந்த அப்பு தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "பால் மாமா." பதினோரு வருடமாகத் தினமும் காலையில் ஹெல்மெட்டோடு வந்து பால் ஊற்றுகிறவர் சிரித்தார்.